முனகும் பெட்டி

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி பிரிவில், பயிற்சிப் பெட்டியின் சத்தத்தை அணைத்துவைத்தது நர்ஸ் மஹாலட்சுமிதான். பெட்டியில் நோயாளி கிடையாது. குழாயைச் செருக ஒரு துளை, திரையில் ஒரு பெருங்குடல், அவ்வளவுதான். ஆனால் பழகும் டாக்டர்கள் முரட்டுத்தனமாகத் தள்ளினால் ஆண்குரலில் முனகும். ஒருநாள் அந்த முனகல் வெளியே கேட்டு, பேதி மருந்து குடித்துப் பட்டினியாகக் காத்திருந்த பொழிச்சலூர்க்காரர் ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். அன்றிலிருந்து பெட்டிக்கு வாய்ப்பூட்டு.

பயிற்சி டாக்டர் ஹெப்சி பழகியதெல்லாம் அந்த ஊமைப் பெட்டியில்தான். கூடப் பயிலும் ஜெஃப்ரியைவிட வேகமாகக் குடலின் கடைசிவரை போய்விடுவாள். இன்று அவளுக்குப் பெட்டியில் தேர்வு. குறித்த நேரத்துக்குள் முடித்துத் தேறினால் முதன்முதலாக நிஜ நோயாளி ஒருவர் அவள் கைக்கு வருவார். தேறாவிட்டால் மறுபடி பெட்டிதான்.

பிரிவுத் தலைவர் பட்டாபிராமன் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

முதல் வளைவிலேயே பெட்டி அலறியது. இத்தனை நாளும் இந்த இடத்தில் இப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தோமா என்று ஹெப்சிக்குக் காது சூடானது. மறுபடி தள்ளினாள். மறுபடி அலறல்.

கதவு திறந்தது. கோவளத்தில் மீன் விற்கும் அங்காளம்மா, அன்றைய முதல் நோயாளி, பச்சை அங்கியோடு நின்றாள். பின்னாலேயே மஹாலட்சுமி ஓடிவந்தாள்.

"யாரை இன்னா பண்றீங்க?"

ஆளில்லை, மெஷின் என்று ஜெஃப்ரி விளக்கினான். அங்காளம்மா நம்பாமல் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள், நடக்கட்டும் என்பதுபோல.

நேரம் ஓடியது. இன்னும் இரண்டு தள்ளு தள்ளினால் வளைவைத் தாண்டிவிடலாம். ஹெப்சி தள்ளவில்லை. குழாயைப் பின்னால் இழுத்து, அதில் விழுந்திருந்த சுருக்கை நேராக்கினாள். முனகல் அடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அப்படியே செய்து கடைசிக்கு வந்தபோது, நேரம் கடந்துவிட்டதென்று திரையில் சிவப்பு எழுத்து.

"போச்சு" என்றான் ஜெஃப்ரி, வாய்க்குள்.

"இஸ்துகினதும் அவன் கம்முனு ஆய்ட்டான், பாத்தியா?" என்றாள் அங்காளம்மா. "எனக்கு இந்தப் பொண்ணே பண்ணட்டும் சார். வலிச்சா நான் அவனைவிட ஜாஸ்தி கத்துவேன், சொல்ட்டேன்."

பட்டாபிராமன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் பழகப் பழக வரும் என்றார். "நான் பக்கத்துல நிக்கறேன். நீங்க பண்ணுங்க."

லேசான மயக்கத்திலும் அங்காளம்மா சொன்ன சொல் தவறவில்லை. முதல் வளைவில் "ஏய்" என்றாள். ஹெப்சி இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வலி இருக்காம்மா?"

"கீது... இரு... இப்ப இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் அப்படியே பேசிக்கொண்டு போய்ச்சேர்ந்தார்கள். குடலில் கோளாறு எதுவும் இல்லை. பட்டாபிராமன் கடைசிவரை கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

மயக்கம் தெளிந்து வெளியே வந்த அங்காளம்மா, காத்திருந்தவர்களிடம் உள்ளே ஒரு பெட்டி கத்தும், கண்டுக்காதீங்க என்று சொல்லிவிட்டு, மகன் வாங்கிவந்த டீயைக் குடித்தாள். உள்ளே ஜெஃப்ரியின் முறை. பெட்டி அலறியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. மஹாலட்சுமியும் சத்தத்தைக் குறைக்கவில்லை.