தள்ளிவிட ஒரு கை

"நாளைக்கு முதல் கிளாஸ் எனக்கு. நீதான் என்னை அலையில தள்ளிவிடணும்."

அண்ணனிடம் எதை வேண்டுமானாலும் கேள், சர்ஃபிங் கற்றுக்கொடு என்று மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இருந்தும் தங்கை கேட்டுவிட்டாள். கையிலிருந்த தண்ணீர்க் குழாயை மூடக்கூட இல்லை.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். வேலை கிடைக்கும்வரை வீட்டில் ஏன் சுவரை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அண்ணன்தான் தன் சர்ஃபிங் கொட்டகைக்குக் கூப்பிட்டிருந்தான். வருகிறவர்களுக்கு அளவு பார்த்து நீச்சல் சட்டை கொடுப்பாள். வகுப்பு முடிந்ததும் உப்புப் போக அலசிக் காயப்போடுவாள்.

கொட்டகைக்கு எதிரே கடல்பாலம். மேலே தூண்டில்காரர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர், மணல் தரை, சாதுவான அலை. நேற்றுவரை கால் நனைக்காதவள்கூட இங்கே பலகைமேல் எழுந்து நின்றுவிடுவாள். ஏன் நிற்க மாட்டாள்? பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு, அலை வரும் நேரம் பார்த்து அண்ணன் ஒரு தள்ளு தள்ளுவான். "எழுந்திரும்மா!" என்று கத்துவான். விழுந்தால், "பரவால்லம்மா, இன்னொரு தரம்" என்பான். அந்த "அம்மா" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றி எரியும். வீட்டில் இவளுக்குக் கிடைப்பது "ஏய்."

இன்று காலை ஒருத்தி விழுந்து புரண்டு ஒருவழியாக நின்றபோது, அண்ணன் தண்ணீரில் துள்ளிக் குதித்தான். இவள் பட்டம் வாங்கிய அன்று அவன் கைகூடத் தட்டவில்லை.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? படிச்சவ. ஆபீஸ் வேலையப் பாரு," என்றான், கால் வழுக்காமலிருக்கப் பலகைக்கு மெழுகு தேய்த்தபடியே.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆபீஸ் வேலை தேடுறவ கடல்ல இறங்கக் கூடாதா?"

"வாய் மட்டும் கொறையாது. தண்ணிய மூடு."

"மாட்டேன். எவளெவளுக்கோ சொல்லிக்கொடுக்கற. கூடப்பிறந்தவ அவளுங்க சட்டைய அலசணுமா?"

அவனே வந்து குழாயை மூடினான்.

"நீ ரெண்டே நாள்ல கத்துப்ப. தெரியும் எனக்கு. எதைத் தொட்டாலும் உனக்கு வந்துடும். நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு அந்தப் பாலத்துல மீன் கூடை தூக்கினப்போ, நீ பரிசும் கையுமா வந்து நிப்ப. வீடே உன்னத் தலையில தூக்கி வச்சு ஆடும். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு. இதுலயும் வந்து நிக்கணுமா நீ?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கு மட்டும்தான் வயிறெரிகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது ஒரு நொடிதான்.

"உன் படிப்ப நிறுத்தினது அப்பா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? என்கிட்ட வந்து தீத்துக்கற."

அவன் திரும்பிப் போய் மறுபடி பலகைக்கு மெழுகு தேய்க்க ஆரம்பித்தான். அவள் விடவில்லை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா கத்துக்கொடுக்கறாங்க. நேத்தே பேசிட்டேன். நாளைக்கு வரேன்னு சொல்லியாச்சு."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்ட?"

"நீ தள்ளிவிட்டா நல்லாருக்கும்னு ஒரு ஆசை. வேற ஒண்ணுமில்ல."

"அங்க அலை பெருசு."

"விழுந்துக்கறேன்."

அலசாத சட்டைகளை வாளியோடு அவன் காலடிக்கு நகர்த்திவிட்டு, ஈரக் கையை உதறியபடி வெளியே நடந்தாள்.