மாப்பிள்ளை மருந்து

மாப்பிள்ளையை நினைத்தாலே மூக்குக் கண்ணாடிக்கடைக்காரருக்கு வாயெல்லாம் கசக்கும். ஆனால் வாயைத் திறந்தால் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்றுதான் வரும். பெண்ணைக் கொடுத்த இடம். மனசுக்குள் திட்டும்போதுகூட 'மடையருங்க' என்று மரியாதை போட்டுத் திட்டிப் பழகிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, அவருடைய காரின் பெட்ரோல் மூடியைத் திறந்து மாப்பிள்ளை எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். இருமல் மருந்து பாட்டில். பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது.

"என்ன மாப்பிள்ளை இது?"

"மருந்து மாமா, நானே பண்ணது. நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியில பாச்சை உருண்டையைக் கரைச்சிருக்கேன். இன்னும் ரெண்டு சாமான் இருக்கு, அது ரகசியம். மைலேஜ் பிச்சிக்கிட்டுப் போகும் பாருங்க."

"பாச்சை உருண்டை பீரோவுல போடறதுங்களே."

"அதோட சக்தி யாருக்கும் தெரியல மாமா. தெரிஞ்சா பெட்ரோல் விக்கிறவன் எல்லாம் கடையை மூடிட்டு ஓடிடுவான்."

உலகத்தில் இத்தனை எஞ்சினியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடிக்காததை, இன்சூரன்ஸ் ஆபீசில் முத்திரை குத்துகிறவன் குளியலறையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டானாம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நம்ம மாப்பிள்ளைக்கு மூளை எங்கெல்லாம் போகுதுன்னு!" என்று அவர் மனைவி பூரித்துப்போனாள்.

சோதனை ஓட்டம் அன்றைக்கே நடந்தது. டாங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய் வருவது என்று ஏற்பாடு. தலைவலி என்று சொல்லி மகள் நழுவிவிட்டாள். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை ஓட்டினான். ஓட்டினான் என்று சொல்வதுகூட அதிகம், உருட்டினான். ஏசியை அணைத்தான். மாமியார் ஜன்னலை இறக்கப் போனபோது, "காத்து உள்ள வந்தா வண்டியை இழுக்கும் அத்தை" என்று தடுத்தான். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தியபடி வந்து, தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். கண்ணாடி மூடியிருந்ததால் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "வண்டி எவ்ளோ மெத்துன்னு போகுது!" என்றாள்.

திரும்பி வந்து மறுபடி டாங்கை நிரப்பிக் கணக்குப் போட்டார்கள். மைலேஜ் ஏறித்தான் இருந்தது. மாப்பிள்ளை பங்க்கிலேயே நின்று ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டான்.

"நீங்க ஓட்டின வேகத்துக்கு வெறும் பெட்ரோல்லயே இந்த மைலேஜ் வரும் மாப்பிள்ளை" என்றார் அவர்.

"அப்போ மருந்தில்லாம ஒரு தடவை பாத்துடலாம் மாமா!"

அடுத்த ஞாயிறு பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள். அதே சாலை, அதே உருட்டல், அதே புழுக்கம். மைலேஜும் அதேதான். இனி வாயைத் திறக்கமாட்டான் என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா மாமா!" மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "போன வாரம் ஊத்தினது எஞ்சினுக்குள்ள ஊறிப்போச்சு. இன்னும் வேலை செய்யுது!"

கடையில் அவர் பார்க்காத ஆளா? பழைய பவரையே புது ஃபிரேமில் மாட்டிக் கொடுத்தால், "இப்பதான் சார் பளிச்சுன்னு தெரியுது" என்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களையாவது வாசலோடு அனுப்பிவிடலாம். இவனுக்குத் தட்டில் சோறு போட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க என்று கெஞ்சவும் வேண்டும்.

சில நாள் கழித்து காரைச் சுற்றிப் பெட்ரோல் வாடை அடித்தது. மெக்கானிக் குனிந்து ஒரு ரப்பர் குழாயைக் கழற்றிக் காட்டினான். மென்று துப்பிய சூயிங்கம்போல உப்பிக் கொழகொழத்துக் கிடந்தது. மாப்பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள இருந்த அழுக்கையெல்லாம் மருந்து வெளிய தள்ளுது மாமா."

மெக்கானிக் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்தார்.

புதுக் குழாய் போட்ட பிறகு ஒருநாள் எதிர்வீட்டு நர்ஸ், "சார் வண்டி என்ன மைலேஜ் தருது?" என்று யதார்த்தமாகக் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அதையேன் கேக்கறீங்க! எங்க மாப்பிள்ளை மருந்து ஊத்தினதுல இருந்து குடிக்கவே மாட்டேங்குது. உங்களுக்கும் ஒரு பாட்டில் தரச் சொல்றேன்."

அன்றிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் நிதானமாக ஓட்டுவதை விட்டுவிட்டார். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிப் பாய்ந்தார். ஏசியை முழுதாகத் திருகி, நான்கு ஜன்னல்களையும் திறந்துவைத்தார். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டும் எஞ்சினை அணைக்காமல் பேப்பர் படித்தார். பெட்ரோல் தண்ணீராய்ப் போயிற்று. தாம் செய்வது மாப்பிள்ளை செய்ததைவிடப் பெரிய முட்டாள்தனம் என்று அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் முள் இறங்க இறங்க மனசு குளிர்ந்தது.

மாத முடிவில் அவரே போன் போட்டார். இதுவரை அவர் மாப்பிள்ளைக்குத் தாமாக போன் போட்டதே இல்லை.

"மைலேஜ் ரொம்ப மோசம் மாப்பிள்ளை. முன்னைவிடக் கீழ போயிடுச்சு."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடி அந்த மௌனத்தை ருசித்தார்.

"அப்போ டோஸ் பத்தல மாமா" என்றான் மாப்பிள்ளை. "இருங்க, பெரிய பாட்டிலா எடுத்துக்கிட்டு வரேன்."

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அவர்.