மூச்சு விட்ட பேட்டரிகள்

ரிமோட் வேலை செய்யலன்னா பேட்டரியைக் கழட்டி, உள்ளங்கையில வெச்சு உருட்டி, மறுபடியும் போட்டுப் பாத்திருக்கீங்களா? வேலை செஞ்சிருக்குமே? செஞ்சிருக்கும். ஒரு பத்து நிமிஷம்.

என் ரூம்ல இருக்கிறவன் இதுல கைதேர்ந்தவன். லிப்ட் ரிப்பேர் பாக்குறவன். எதைக் கேட்டாலும் ஒரு வீடியோ பாத்திருப்பான், அதனால விஞ்ஞானின்னு பேர் வெச்சுட்டோம். எங்க பிரிட்ஜைத் திறந்தா முட்டைக்குப் பக்கத்துல பேட்டரி உக்காந்திருக்கும்.

"குளிர்ல வெச்சா ஆயுசு கூடும்ணே."

"அப்ப நீயும் உள்ள போய் உக்காருடா. நூறு வயசு இருப்ப."

வேலை முடிஞ்சு வந்தா எனக்குப் பேச ஆள் கிடையாது. விஞ்ஞானிக்கு எப்பப் பாத்தாலும் எங்கயாவது லிப்ட் நின்னு போயிருக்கும். அதனால அவன் சொன்னதையெல்லாம் ஒவ்வொண்ணா செஞ்சு பாத்தேன். பிரிட்ஜ்ல வெச்சதும் மேஜையில வெச்சதும் டார்ச்சுல ஒரே மாதிரிதான் எரிஞ்சுது. கடிச்சுப் பாத்தேன், பல்லுதான் வலிச்சுது. மேஜை மேல நட்டக்குத்தலா விட்டா செத்தது துள்ளும், புதுசு தொப்புன்னு நிக்கும். அது ஓரளவுக்கு நெசம். டார்ச்சுல தீந்துபோனதை சுவர்க் கடிகாரத்துல போட்டா இன்னும் ரொம்ப நாள் ஓடும். அது நல்லாவே நெசம்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாதது என் காது மெஷின் பேட்டரி.

நான் குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு வந்து, இந்த வெளிநாட்டுல ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்குறேன். துணி காய வைக்கிற பெரிய மெஷின் பக்கத்துலயே பதினோரு வருஷம். வலது காது சுத்தமாப் போச்சு. இடதுல மெஷின் மாட்டினாத்தான் பேச்சு புரியும். மாட்டலன்னா யாரோ தண்ணிக்கு அடியில நின்னு கத்துற மாதிரி இருக்கும்.

வீட்டுல சொல்லலை. சொன்னா உடனே கிளம்பி வாங்கன்னு அழுவாங்க. மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி, போன்ல அவங்க என்ன கேட்டாலும் "சரி, சரி"ன்னுதான் சொல்லுவேன். அப்படி ஒரு நாள் என் மக, "பரீட்சை முடியுற அன்னைக்கே வந்துடுவியாப்பா"ன்னு கேட்டிருக்கா. சரின்னிருக்கேன். அவ என்னை அழைக்க ஏர்போர்ட்டுக்கே போய் நின்னிருக்கா. அதோட என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. பதினாலு மாசம்.

போன வாரம் என் மனைவி போன் பண்ணினா. "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு அவளே கூப்பிடுறேங்கறா. ஒரே ஒரு தடவைதான்னும் சொல்லிட்டா. வழக்கம் போல பூம்பூம் மாடு மாதிரி சரி சரிங்காதீங்க. அவ கேக்குறதைக் கேட்டு, அதுக்குப் பதில் சொல்லுங்க."

காது மெஷின் பேட்டரி சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. முதுகுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரிச்சாத்தான் காத்து உள்ள போய் வேலையை ஆரம்பிக்கும். "உரிச்ச உடனே மாட்டாதீங்கண்ணே, அஞ்சு நிமிஷம் மூச்சு விட வைங்க, அதிக நாள் வரும்"னான் விஞ்ஞானி. செஞ்சேன். வழக்கமா அஞ்சு நாள் வர்றது ஆறு நாள் வந்துது. அவன் சொன்னதுல இது ஒண்ணு உருப்படின்னு நெனச்சேன்.

ஆசை யாரை விட்டுது? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நாள்னா, ஒரு பகல் முழுக்க மூச்சு விட்டா எத்தனை நாள் வரும்? மனைவி போன் பண்றதுக்கு முன்னாடியே ஒரு நாள், புது அட்டையில இருந்த ஆறோட ஸ்டிக்கரையும் உரிச்சு, ஒரு தட்டுல பரப்பி வெச்சுட்டு வேலைக்குப் போனேன்.

முதல் பேட்டரி அஞ்சு நாள் வந்துது. அடுத்தது நாலு. மூணாவது ரெண்டே நாள். நாலாவது ஒரு நாளோட சரி. அட்டையே மட்டம்னு கடைக்காரனைத் திட்டிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையிலதான் விஞ்ஞானிகிட்ட சொன்னேன். அவன் தலையில கை வெச்சுட்டான்.

"அய்யோ அண்ணே! ஒருக்கா மூச்சு விட ஆரம்பிச்சா அது நிக்காது. மாட்டினாலும் மாட்டாட்டியும் காஞ்சுட்டேதான் போகும். ஆறையுமா உரிச்சீங்க?"

"நீ அதைச் சொல்லலையேடா."

"ஆறையும் உரிப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

ஞாயித்துக்கிழமை பேட்டரிக் கடை கிடையாது. விஞ்ஞானியும் டியூட்டிக்குப் போயிட்டான். மீதி இருந்தது ரெண்டு. ஒண்ணு மத்தியானத்துல இருந்து நாலரை வரைக்கும் வந்துது. கடைசியை உள்ளங்கையில பொத்திச் சூடு பண்ணிட்டே கட்டில்ல உக்காந்திருந்தேன். அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மாட்டினேன். பிரிட்ஜ் ஓடுற சத்தம் கேட்டுது. அப்பாடான்னு இருந்துது.

போன் அடிச்சுது.

"அப்பா."

குரல் மாறிப்போயிருந்துது. பெரிய மனுஷிக் குரல்.

"சொல்லும்மா."

"நான் ஒண்ணு கேப்பேன். மழுப்பாம சொல்லணும். அன்னைக்கு வர்றேன்னு சொன்னியே, சொல்லும்போதே உனக்கு..."

காதுக்குள்ள மூணு தடவை கீச்சுன்னுது. அப்புறம் ஒண்ணும் இல்ல.

சரின்னு வாய் வரைக்கும் வந்துது. நாக்கைக் கடிச்சு நிறுத்திக்கிட்டேன். ஸ்பீக்கர்ல போட்டேன், தண்ணிக்கடியில முணுமுணுப்பு மட்டும் வந்துது. அதுவும் நின்னுது. அவ என் பதிலுக்காகக் காத்துட்டு இருக்கான்னு புரிஞ்சுது.

"அம்மாடி, நீ கேட்டது எனக்குக் கேக்கலை. எனக்குக் காது கேக்காதுடா. அன்னைக்கும் கேக்கலை. நீ என்ன கேட்டேன்னே தெரியாம சரின்னேன். பொய் சொல்லலைடா. இப்ப நீ பேசுறதும் கேக்காது. வெக்கிறதுன்னா வெச்சுடு."

அவ வெக்கலை, போன் திரையில பேசுற நிமிஷம் ஓடிட்டே இருந்துது. அதைப் பாத்துட்டே பேசினேன். சலவைக்கூடத்தைச் சொன்னேன், மெஷினைச் சொன்னேன், ஆறு பேட்டரி உரிச்ச கூத்தைச் சொன்னேன். சிரிச்சாளா, அழுதாளா, போனை மேஜையில வெச்சுட்டு எழுந்து போயிட்டாளா, ஒண்ணும் தெரியலை. பதினாறாவது நிமிஷத்துல அந்த எண் நின்னுது, போன் கட் ஆயிடுச்சு.

மறுநாள் காலையில ஆறரைக்கு அவகிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்திருந்துது. 'எந்தக் காது?'ன்னு கேட்டிருந்தா. ரெண்டும்னு பதில் போட்டுட்டு வேலைக்குப் போனேன்.