கிளீனர் சீட்டில் உட்கார்ந்த ஈக்கள்

லாசர் ஓட்டிய டிரெய்லரின் கிளீனர் சீட்டில், ஈக்களால் ஆன ஓர் ஆள் வந்து உட்கார்ந்தது தை மாதக் கடைசியில். ஒரகடத்தில் புதுக் கார்களை ஏற்ற வந்த வண்டிகளைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நாள்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். டிரைவர்களுக்கு உள்ளே கக்கூஸ் கிடையாது, எல்லாவற்றுக்கும் மதில்சுவர்தான். அந்தச் சுவரோரம் ஆண்டுக்கணக்காக ஊறிக்கிடந்த மஞ்சள் சேற்றிலிருந்தும், டயருக்கடியில் உருண்ட மூத்திர பாட்டில்களிலிருந்தும் ஈக்கள் எழுந்து, தலை, தோள், தொப்பை என்று ஒன்றுகூடி, கதவைத் திறந்துகொண்டு ஏறின. முதலாளி கிளீனருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை என்பதால் சீட்டு காலியாகத்தான் இருந்தது. பின்வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உனுக்காவது துணைக்கு ஆள் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈ மனிதன் பேசவில்லை. லாசர் பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தால் கூடவே நடந்தான். சோற்றுக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் விரல் பட்ட குழம்பை லாசரின் மனைவி கிரேசி சாக்கடையில் கொட்டினாள். மகள் ஷாலின் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள், ஈஸ்டர் முடிந்தும் அப்பாவோடு உட்காரவில்லை. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ஈக்கள் இறக்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தன. லாசருக்குத் தன் உடம்பே குமட்டியது.

"லாரிய வுடு, இல்ல என்ன வுடு" என்றாள் கிரேசி. "பெத்த பொண்ணு கிட்ட வர்றதில்ல, உனுக்கு ஒறைக்கலயா? என் தம்பியாட்டம் ரயில்வேல சேரு."

"தண்டவாளத்துல மட்டும் இன்னா, சந்தனம் பூசி வச்சிக்கீறாங்களா?"

ஆனாலும் பார்த்துவரப் போனான். கிரேசியின் தம்பி ரிச்சர்ட் பாலூர்ப் பக்கம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் இருந்தான். அன்று காலை ரயிலில் ஓர் எருமை அடிபட்டிருந்தது. குடலைக் கம்பியால் இழுப்பதும், சக்கரம் அரைத்ததைச் சல்லிக்கல்லிலிருந்து பொறுக்குவதும், குழிதோண்டிப் புதைப்பதும் அவர்கள் தலையில்தான் விழுந்தன. வெயிலில் எழுந்த வீச்சத்தில் லாசர் வாந்தி எடுத்தான். ஈ மனிதன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னா மாமா, உன் ஆளே மூக்கப் பொத்திக்கினான்!" என்று ரிச்சர்ட் சிரித்தான்.

"த்தூ! இதுக்கா பரீட்ச எழுதணும்? எனுக்கு அந்த மதில்சுவரே போதும்டா மச்சான்."

வேலை முடிந்து எல்லோரும் ஸ்டேஷன் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற லாசருக்கு ரிச்சர்ட் ஒரு கதவைக் காட்டினான். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தது, சுவரெல்லாம் எச்சில் கறை. ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. லாசர் தாழ்ப்பாளைப் போட்டான். வேலைக்கு நடுவில் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வெளியே, புதுக் கார்களை ஏற்றிய ரயில் ஒன்று நெடுநேரம் தடதடத்துக் கடந்தது. ரிச்சர்ட் கதவைத் தட்டியும் அவன் திறக்கவில்லை. கண் சிவந்து வெளியே வந்தபோது ஈ மனிதனுக்கு இடது கை இல்லை. அந்தக் கைக்கான ஈக்கள் கிளம்பிப் போயிருந்தன.

"எப்போ பரீட்ச?" என்று மட்டும் கேட்டான்.

லாரியை ஓட்டிக்கொண்டே படித்தான். உடல்தகுதித் தேர்வில் மணல்மூட்டையைச் சுமந்து ஓடிக் காட்டினான். இரண்டு மழைக்காலம் போனபின் வேலைக்கான உத்தரவு வந்தது. லாசர் சாவியை ஒப்படைத்து இறங்கியபோது ஈ மனிதன் சீட்டை விட்டு எழவில்லை. அன்று ராத்திரி சோற்றுக்கு ஷாலின் பக்கத்தில் வந்து, அப்பாவின் முழங்கையை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து, ரசம் கேட்டாள். வல்லக்கோட்டையிலிருந்து வந்த புது டிரைவர் ஹேமந்த், பக்கத்தில் இருப்பது யார் என்று ஆபீசில் கேட்டான். கிளீனர் என்றார்கள்.

இந்த வருஷம் ஆடியில், லாசர் லெவல் கிராசிங் ஓரம் கல் அள்ளிக்கொண்டிருந்தபோது அந்த டிரெய்லர் கேட்டில் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து வீசிய மஞ்சள் பாட்டில் அவன் காலருகே விழுந்து உடைந்தது. "நாத்தம் புடிச்சவனுங்க" என்று காறித் துப்பிவிட்டு நிமிர்ந்தான். ஹேமந்த் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டிலிருந்து ஈ மனிதன் இடது கையை உயர்த்தினான்; அது மறுபடி முளைத்திருந்தது. லாசரும் கையை உயர்த்தினான். ரயில் போனது. கேட் திறந்தது. உடைந்த பாட்டிலை மண்வெட்டியால் தள்ளி, மேலே இரண்டு கூடை கல் கொட்டிவிட்டு, லாசர் குழாயடிக்கு நடந்தான்.