கருத்து சொன்னால்தான் கதவு திறக்கும்

எங்கள் தியேட்டருக்குள் வருவது சுலபம். டிக்கெட் இருந்தால் போதும். வெளியே போவதற்குத்தான் ஒரு கருத்து வேண்டும்.

முதலாளி போட்ட சட்டம் இது. மூன்று மணி நேரம் படம் பார்த்துவிட்டு, வாயே திறக்காமல் வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். "எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா இவங்க வாய் முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டு, வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டார். பக்கத்தில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு நோட்டு, நோட்டுக்குப் பின்னால் நான். முதல் நாள் நானூறு பேர் வரிசையாக வந்து "ஒரு தடவை பார்க்கலாம்" என்றார்கள். நானூறு தடவை எழுதினேன். சாயங்காலம் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. மறுநாளே முதலாளி இரண்டாவது சட்டத்தைப் போட்டார். ஒருவர் சொன்ன கருத்தை அன்றைக்கு இன்னொருவர் சொல்லக் கூடாது.

பிடித்தது சனி. அதன்பிறகு "ஒரு தடவை பார்க்கலாம்" ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான். "முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை" ஒருவருக்கு. "புத்தகமாப் படிச்சப்ப இதைவிட நல்லா இருந்துச்சு" ஒருவருக்கு, அவர் புத்தகத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஜனங்கள் கெட்டிக்காரர்கள். சுலபமான கருத்து தீர்ந்துபோவதற்குள் எழுந்து ஓடி வர ஆரம்பித்தார்கள். முதலில் படம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார்கள், பிறகு ஐந்து, பிறகு பத்து. இப்போதெல்லாம் கடைசிக் கால் மணி நேரம் உள்ளே ஈ காக்கா இருப்பதில்லை.

பின்தங்கியவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒரு குழாய் ரிப்பேர்காரர், கதாநாயகன் வீட்டில் பைப்பைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்தார். பல் டாக்டர் ஒருவர் வில்லனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை என்றார். ஒரு அம்மாள் அரை மணி நேரம் யோசித்து, "எனக்கு முன்னாடி உட்கார்ந்தவர் தலை நல்லா நடிச்சிருக்கு" என்றார். சட்டப்படி அதுவும் கருத்துதான். எழுதிக்கொண்டு திறந்துவிட்டேன்.

ஆக, பல வருஷமாக எங்கள் ஊரில் எந்தப் படத்தின் முடிவையும் எவரும் பார்த்ததில்லை. ஆனால் முடிவைப் பற்றிக் கருத்து இல்லாதவரும் இல்லை.

இப்போது என் அத்தான் கதைக்கு வருகிறேன். அக்காவின் வீட்டுக்காரர். தராசு ரிப்பேர் செய்கிறவர். கடையில் தராசு முள்ளை நடுவில் நிறுத்தி நிறுத்தி, வீட்டிலும் நடுவிலேயே நின்றுவிட்டார். சாப்பாட்டில் உப்பு கூடவா குறைவா என்று கேட்டால்கூட அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். படத்துக்கு வந்தாலும் அதே கதைதான். அக்கா தனக்கொரு கருத்து, அத்தானுக்கொரு கருத்து என இரண்டாக யோசித்து, அவருடையதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அவர் அதை ஒப்பிப்பார். எனக்குத் தெரியும், நான் கண்டுகொள்வதில்லை. சம்பளம் தருகிறவர் முதலாளியாக இருக்கலாம், மூன்று வேளை சோறு போடுகிறவள் அக்கா அல்லவா?

அன்று காலைக் காட்சிக்கு இருவரும் வந்திருந்தார்கள். அக்கா ஆபீசுக்கு லீவு. முதல் ஆளாக வெளியே வந்து, "கதாநாயகி அவ்வளவு அழறா, மூக்கு சிவக்கவே இல்லை. பொய் அழுகை," என்றாள். எழுதினேன்.

"அத்தானுக்கு என்ன எழுதட்டும்?"

"அவரையே கேளு."

"விளையாடாதக்கா."

"யாருடா விளையாடறா?" கைப்பையை மேஜையில் வைத்தாள். "எனக்கு மேனேஜர் வேலை வந்திருக்கு. ரயில்ல ஏழு மணி நேரம் போகணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போறேனா இல்லையான்னு எழுதிக் குடுக்கணும். ஒரு வாரமா இவரைக் கேக்கறேன். உன் இஷ்டம், உன் இஷ்டம், உன் இஷ்டம். இருபத்திரண்டு வருஷமா நான் ஒரு மனுஷனோட குடும்பம் நடத்தறேனா, கண்ணாடியைப் பார்த்துப் பேசிட்டிருக்கேனான்னு எனக்கே தெரியலைடா."

கைப்பையைத் திறந்து காட்டினாள். இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்றில் போகிறேன், ஒன்றில் போகவில்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"போன்னு சொல்லட்டும், போகாதேன்னு சொல்லட்டும். படத்தைப் பத்திகூட வாய் திறக்காதவர் இதுக்கா திறக்கப்போறார்? நீ அவரைச் சும்மா விட்டுடாதே. சொந்தமா ஒண்ணு சொன்னாத்தான் கதவு. இல்லைன்னா ராத்திரியிலேருந்து உனக்கு என் வீட்டுல சோறு இல்லை."

சொல்லிவிட்டு எதிர்க்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய ஆபீஸ் அங்கிருந்து நான்காவது கட்டடம்.

அத்தான் சிரித்த முகமாக வந்து கையை நீட்டினார். "மச்சான், என்னோடது என்ன?"

"இன்னைக்கு உங்களுக்கு வரலை அத்தான். நீங்களே சொல்லணுமாம்."

சிரிப்பு அப்படியே நின்றது. "சரி, நல்லா இருக்குன்னு போட்டுக்கோ."

"போஸ்ட்மேன் சொல்லிட்டார்."

"நல்லா இல்லை?"

"அவர் சம்சாரம் சொல்லிட்டாங்க."

"பரவாயில்லை?"

"அது போஸ்ட்மேன் மச்சினி."

"உனக்கு என்ன தோணுதோ அதை எழுதிக்கோயேன், நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

எனக்கு வந்த கோபத்தில் பேனா முனையை உடைத்திருப்பேன். "உங்களுக்கு என்ன தோணுது அத்தான்?" என்றேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நோட்டைப் பார்த்தார். தனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று உள்ளுக்குள் தேடுகிற மாதிரி இருந்தது. பாவம், அங்கே விளக்குப் போட்டே பல வருஷம் ஆகியிருக்கும். கடைசியில் "இன்னொரு தடவை பார்த்துட்டு வர்றேன்" என்று திரும்பி உள்ளே போய்விட்டார்.

மதியக் காட்சி ஆரம்பித்தது. அக்கா பெஞ்சைவிட்டு அசையவில்லை. நாலு மணிக்கு ஜனங்கள் வழக்கம்போல முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தார்கள். அத்தான் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, படம் ஓட்டுகிற ஆபரேட்டர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். பேயடித்த முகம்.

"உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கார்!"

"ஆமா, என் அத்தான். படம் பார்க்கறார். அதுக்கென்ன?"

"அவர் முடிவைப் பார்க்கணும்னு உட்கார்ந்திருக்காரேய்யா! முடிவு எங்கே இருக்கு?"

சத்தம் கேட்டு முதலாளியும் வந்துவிட்டார். அப்போதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. படச்சுருள் பெட்டிகளில் கடைசிப் பெட்டியை முதலாளி ஏழு வருஷமாக வாங்குவதே இல்லையாம். "ஆளே இல்லாத இடத்துல முடிவை யாருக்குய்யா காட்டறது? நாற்காலிக்கா?" என்று என்மேலேயே பாய்ந்தார். ஏழு வருஷமாக இதே மேஜையில் உட்கார்ந்து "முடிவு பிரமாதம்", "முடிவு சொதப்பல்", "முடிவுல அழுதுட்டேன்" என்று எழுதித் தள்ளிய முட்டாள் நான்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து ஒரு கத்தல் கேட்டது. அது யார் குரல் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தான் குரல் அந்த உயரத்துக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது, முக்கியமாக மூக்கு.

"முடிவே இல்லை!" என்று மேஜையில் ஓங்கி அடித்தார். "எழுது! இந்தப் படத்துக்கு முடிவே இல்லை!"

நோட்டை மேலிருந்து கீழே பார்த்தேன். முடிவைப் பற்றி அன்று மட்டும் இருபத்தெட்டுக் கருத்துகள் இருந்தன. இது இல்லை. முதலாளி என் காலை மிதித்தார். நான் எழுதினேன். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

அவர் நேராகத் தெருவைக் கடந்து அக்காவின் முன்னால் போய் நின்றார். நான் நோட்டோடு பின்னாலேயே ஓடினேன்.

"தம்பிக்காரன் கப்பல்ல போறான். அவனைப் பிடிக்க அண்ணன்காரன் மூணு மணி நேரமா ஓடி வர்றான். மழையில ஓடறான், ரத்தம் வழிய ஓடறான். கப்பல் கிளம்பப்போகுது. தம்பி இருக்கற அறைக் கதவைத் திறக்கிறான். வாயைத் திறக்கிறான். வெள்ளைத் திரை! அவன் என்ன சொன்னான்? எனக்குத் தெரிஞ்சாகணும்!"

அக்கா மெல்லக் கேட்டாள். "என்ன சொல்லியிருப்பான்னு நீங்க நினைக்கறீங்க?"

"இதுல நினைக்கறதுக்கு என்ன இருக்கு? போகாதேன்னுதான் சொல்வான். போய்ட்டு வாடான்னு சொல்றதுக்கு எவனாவது இவ்வளவு தூரம் ஓடி வருவானா?" மூச்சு வாங்கியது அவருக்கு. "நீயும் போகாதே."

அக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"ஏன் போகக் கூடாது?" என்றாள்.

"எனக்குப் பிடிக்கலை."

"அது ஒரு காரணமா?"

"அதைத்தானே ஒரு வாரமா கேட்டே? நீ போனா வீடு வீடா இருக்காது. எனக்குப் பிடிக்கலை. அந்த நீலத் திரைச்சீலையும் எனக்குப் பிடிக்கலை. காலையில நீ பேப்பரைச் சத்தமாப் படிக்கிறது பிடிக்கவே இல்லை!"

"இருபத்திரண்டு வருஷமா கேட்டுட்டு உட்கார்ந்திருந்தீங்களே!"

"பிடிக்காமத்தான் கேட்டுட்டிருந்தேன்!"

பிறகு இருவரும் பிடித்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் அப்படியொரு சண்டை. அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கத்தினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. கூட்டம் கூடிவிட்டது. பழக்க தோஷம், சண்டை முடிவதற்குள்ளேயே பாதிப் பேர் என்னிடம் ஓடி வந்து "ஒரு தடவை பார்க்கலாம்" என்று வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். போங்கய்யா அந்தப் பக்கம் என்று நோட்டாலேயே விரட்டினேன். எனக்கு முடிவு தெரிந்தாக வேண்டும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா கைப்பையைத் திறந்தாள். ஒரு கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"நான் போறேன்," என்றாள்.

அத்தான் திகைத்துப்போனார். "அப்ப நான் சொன்னதுக்கு என்ன மரியாதை?"

"நின்னு கேட்டேன் இல்லை? அதுதான் மரியாதை. நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தப்ப, நான் வேலைக்குப் போறேனா உங்களை விட்டு ஓடிப்போறேனான்னு எனக்கே புரியலை. இப்ப புரியுது. வேலைக்குத்தான் போறேன்."

"தப்புப் பண்றே."

"சொல்லிட்டே வாங்க."

இருவரும் ஆபீசை நோக்கி நடந்தார்கள். அத்தான் கையை ஆட்டி ஆட்டிக் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அக்கா இல்லாத ஊரில் நான் யார் வீட்டில் போய் உட்காருவேன்? சோற்றை விடுங்கள். என்னை டேய் என்று கூப்பிட அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

ஓடினேன். அவள் ஆபீஸ் படியில் கால் வைக்கும்போது பிடித்துவிட்டேன்.

"அக்கா, எனக்கும் பிடிக்கலைக்கா. நீ போகாதே."

அவள் கடிதத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

"உன்னை யாருடா கேட்டா?" என்றாள்.

கண்ணெல்லாம் தண்ணீராக, ஒரு கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, மேலே ஏறிப் போனாள்.