பந்தல் கஞ்சி

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். ஆஸ்பத்திரி கேட்டில் கட்டிக்கொண்டிருந்த பிளெக்ஸில், ஞானப்பிரகாசத்தின் பெயருக்குக் கீழே அந்தத் தொகையைச் சிவப்பில் போட்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் அவருக்குத் தர வேண்டிய மூன்று மாதச் சம்பளமும் போனஸும். படம் ஆலை கேட் பாஸிலிருந்து எடுத்தது. கண்ணைச் சிமிட்டக் கூடாது என்று போட்டோக்காரன் மிரட்டியதில் முழித்துக்கொண்டு நின்றார்.

"எடது பக்கம் இழுத்துக் கட்டுங்கடா. அண்ணன் மூஞ்சி மடியுது பாரு" என்று கீழே நின்று சத்தம் போட்டான் சங்கத்துச் செல்லமுத்து.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து செபஸ்தியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருசம் சிமெண்டு மூட்டை சுமந்த மனிதரை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை.

பாக்கிச் சம்பளம் கேட்டு ஆலை வாசலில் பந்தல் போட்டு நூற்று நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பதினோராம் நாளான நேற்று மத்தியானம் ஞானப்பிரகாசம் உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்தார். அரியலூர் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சர்க்கரை ரொம்பவும் இறங்கி, அதில் நெஞ்சு நின்றிருக்கிறது என்றார் டாக்டர். அறுத்துப் பார்த்தாகிவிட்டது. உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று மனைவி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் போட வேண்டாம் என்றான் செல்லமுத்து.

"அண்ணி, எல்லாருக்கும் பாக்கி வர்ற வரைக்கும் அண்ணன எடுக்கக் கூடாது. எடுத்துட்டா நம்மள எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

சரி என்று தலையாட்டியிருந்தாள். நேற்று அது சரியென்றுதான் பட்டது.

விடிந்ததிலிருந்து கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. நூறு நாள் வேலைக்கு நாலு மாதமாகக் கூலி வராத பெண்கள் வந்தார்கள். மக்காச்சோளம் போட்டு இன்சூரன்ஸ் வராத பெரம்பலூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். வாடகை நின்றுபோன லாரிக்காரர்கள் வண்டிகளை ரோட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் பாக்கியைக் கொண்டுவந்து அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே பிணவறையில் அவர் மட்டும் தனியாகக் கிடந்தார்.

ஏலாக்குறிச்சியிலிருந்து கொழுந்தன் ஜோசப் போன் செய்தான். "குழி நேத்தே வெட்டியாச்சி அண்ணி. மானம் கருக்கலா இருக்குது. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கோம். சாமியாரு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. ஒங்க மக பிரியா அப்பாவுக்காக வாசல்லயே காத்துக் கெடக்குது. எப்ப வருவீங்க?"

"வந்துருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

லப்பைக்குடிக்காட்டு ஹபிபுல்லா பாய் நேற்றுச் சாயங்காலமே வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார். மகள் சகாய பிரியாவின் நர்சிங் படிப்புக்குக் கட்டிய நாற்பதாயிரம் அவரிடம் வாங்கிய கைமாற்று என்று ஞானப்பிரகாசம் சொல்லியிருந்தார். "பாய், ஒங்க பணத்தக் கொஞ்சங் கொஞ்சமா..." என்று இவள் ஆரம்பித்தபோது, "என்ன பணம்மா? மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்றார் அவர். பெருந்தன்மை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பந்தலில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிய அடுப்பையும் இங்கேயே தூக்கி வந்துவிட்டார்கள். பெரியம்மாள் ஒரு டம்ளர் கஞ்சியோடு வந்தாள். அவளும் மூட்டைக் குடோனில் கூட்டிப் பெருக்குகிறவள்தான்.

"ஒரு வாய் குடி செபஸ்தி. நேத்திலேருந்து பச்சத் தண்ணி எறங்கல."

"வேணாங்க்கா."

பத்து மணி வாக்கில், காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கும் மணிவண்ணன் சைக்கிள் ஸ்டாண்டு பக்கமிருந்து கை காட்டிக் கூப்பிட்டான். எழுந்து போனாள்.

"ஏம்மா, இது யாரு கையெழுத்துன்னு பாருங்க."

வவுச்சர். ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய் பெற்றுக்கொண்டேன். அதன் கீழே ஞானப்பிரகாசம் என்று முழுப் பெயர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர் அவர். ஒவ்வோர் எழுத்தையும் மூட்டை அடுக்குவதுபோல அமுக்கி அமுக்கி வைப்பார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"தேதியப் பாருங்க. ஒக்காந்த நாலாம் நாளு. பத்துப் பேர வேலைக்குக் கூட்டியாறேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. மறுநாளு பாத்தா பந்தல்ல மொத ஆளா குந்தியிருக்காரு. எங்களுக்கும் நாமம், அவனுங்களுக்கும் நாமம்."

நாலாம் நாள்தான், பாயிடம் வாங்கியதென்று சொல்லிக் காலேஜில் பணம் கட்டினார். திரும்பி வரும்போது அரைக் கிலோ கறி வாங்கி வந்தார். பிள்ளைக்கும் இவளுக்கும் போட்டுவிட்டு, அசதியாக இருக்கிறது என்று படுத்துக்கொண்டார்.

"மூணு மணிக்குத் தாசில்தாரு பேச்சுவார்த்தை" என்றான் மணிவண்ணன். "அதுக்கு முந்தி கையெழுத்துப் போட்டு பாடிய எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா இத இங்கயே கிழிச்சிடறேன். இல்லன்னா மைக்குல படிப்பேன். அப்பறம் அந்த பிளெக்ஸ அவனுங்களே கிழிப்பானுங்க. அவரு பேரு ஒங்க கையிலதான் இருக்கு."

ஒரு கையெழுத்துதான். போட்டால் மழைக்கு முன்னால் மண்ணுக்குள் வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. ரோட்டில் கோஷம் எழும்பியது. அவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

"சார்" என்றாள். "கம்பெனியில பில்லு பாஸ் ஆவல, கையில பத்துப் பைசா இல்லன்னுதான காண்ட்ராக்டரு எல்லாருகிட்டயும் சொன்னாரு?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நாலாம் நாளு எங்க வூட்டுக்காரருக்குக் குடுக்க மட்டும் எப்படி வந்துச்சி?"

மணிவண்ணன் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"படிங்க சார். மைக்குலயே படிங்க. தாசில்தாரும் கேக்கட்டும். எங்க பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. காசு வச்சிக்கிட்டே இல்லன்னு சொன்னது தெரிஞ்சா மத்தவங்களுக்கு வந்துரும்ல."

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

மரத்தடிக்குத் திரும்பியபோது பெரியம்மாள் அதே டம்ளரோடு காத்திருந்தாள்.

"புருசன் மாரியே அடம் புடிக்காதடி. மொத மூணு நாளு கேட்டு வாங்கிக் குடிச்ச மனுசன். நாலாவது, அஞ்சாவது நாள்லேருந்து கிட்டயே வர மாட்டேன்னுட்டாரு. வயிறு சரியில்ல, வயிறு சரியில்லன்னு அதே பாட்டு. எங்களுக்குப் பத்தாமப் போயிடும்னுதான விட்டுக்குடுத்தாரு, எங்களுக்குத் தெரியாதா? நானெல்லாம் பந்தல்ல குந்தித் தின்னே ரெண்டு கிலோ ஏறிட்டேன். அந்த மனுசன் நாளெல்லாம் வெறும் வயித்தோட ஒக்காந்திருந்தாரே!"

செபஸ்தியம்மாள் டம்ளரைப் பார்த்தாள். ஆவி போய் மேலே ஆடை கட்டியிருந்தது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு வாய் பழையதோடு பஸ் ஏறுவார். அங்கே பந்தலில் கஞ்சி குடித்துக்கொள்கிறேன் என்பார். ராத்திரி வந்து, குடித்தாயிற்று என்பார்.

"எனக்கும் வயிறு சரியில்லக்கா" என்றாள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. நாலரைக்கெல்லாம் செல்லமுத்து துண்டைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தான். மொத்தப் பாக்கியும் தருகிறார்களாம், இன்றைக்கே, தாசில்தார் முன்னால். என்ன நடந்ததென்று தெரியவில்லை, காண்ட்ராக்டர் ஆள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றான். விசில் பறந்தது. "என் பொஞ்சாதிட்ட சொல்லாதீங்கடா, பாதி எனக்கு வேணும்" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உடனே அடங்கினார்கள்.

ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மேசை போட்டு, மணிவண்ணன் பட்டியலை விரித்தான். முதல் பெயரே ஞானப்பிரகாசம். கூட்டம் வழி விட்டது. செபஸ்தியம்மாள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். மணிவண்ணன் நிமிர்ந்து பார்க்காமல் கட்டைப் பிரித்து நோட்டை எண்ணத் தொடங்கினான்.

"எண்ண வேணாம் சார். அந்தப் பேர அடிச்சிருங்க."

"என்ன அண்ணி இது?" என்று பதறினான் செல்லமுத்து. "அண்ணன் உசுரக் குடுத்த காசு."

"அவரு பாக்கி தீந்துபோச்சி தம்பி. விட்டுருங்க. அடுத்த ஆளக் கூப்புடுங்க."

மணிவண்ணன் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து அந்த நீளமான பெயரின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். பின்னால் யாரோ வீரவணக்கம் என்று குரல் கொடுக்க, ரோடு முழுக்கத் திருப்பிச் சொன்னது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஏட்டய்யா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அவரை வெளியே கொண்டுவந்து வேனில் ஏற்றினார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் மேசையை விட்டு நகர முடியாமல் அங்கிருந்தே கும்பிட்டார்கள். முதல் தூறல் விழுந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஒரு காலை வேனில் வைத்தவள் இறங்கி, அடுப்படிக்கு நடந்தாள். பெரியம்மாள் அண்டாவைக் கழுவக் கவிழ்க்கப்போனாள்.

"அக்கா, கஞ்சி இருக்கா?"

"அடியில கொஞ்சம் கெடக்குதுடி. ஆறிப்போச்சே..."

"பரவால்ல, ஊத்துங்க."

நின்றபடியே வாங்கி, ஒரு வாய் குடித்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"உப்பு கொஞ்சம் போடுங்கக்கா."