அமீனா பீயின் கட்சி

“மொதல்ல ஒண்ணு சொல்லுங்க பாய். நீங்க லீக்கா, காங்கிரஸா?”

முன்னறையில் வைத்த தேநீரைத் தொடாமலேயே, மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் கஃபார் கேட்டார். திரைக்குப் பின்னால் மகள் அஸ்மத்துன்னிசாவோடு அமீனா பீ நின்றிருந்தாள். அந்நிய ஆண்கள் வந்திருக்கையில் பெண்கள் திரைக்கு அப்பால் குரல் கொடுப்பது அக்குடும்பத்தில் வழக்கமில்லை. கேட்டுக்கொண்டு நிற்கலாம், அவ்வளவே.

1946ஆம் ஆண்டு, தேர்தல் நெருங்கிய சமயம். அவள் கணவர் பீர் முஹம்மதுக்கு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் தையல் தொழில். யுத்த காலத் துணிப் பஞ்சத்தில் கதர்தான் கிடைத்தது. கதர்ச் சட்டை போட்டுக்கொண்டார். முஸ்லிம் லீக்குக்காரர்கள் பச்சைத் துணி கொண்டுவந்தார்கள். பிறைக்கொடி தைத்துக் கொடுத்தார். போன வாரம் பெண் கேட்டு வந்த காங்கிரஸ்காரர் ஷரஃபுதீன், மெஷின்மேல் கிடந்த கொடியைக் கண்டு முகம் சுளித்தார். இன்றைக்கு வந்த லீக்குக்காரர் கதர்ச் சட்டையைக் கண்டு சுளிக்கிறார். பறவைகளிடத்தில் மிருகமாகவும் மிருகங்களிடத்தில் பறவையாகவும் அல்லாடிய, கதையில் வரும் வௌவாலைப் போன்ற இந்த மனிதரால், மகளுக்குக் கலியாணமே கூடிவராதோ என்று அமீனா பீக்கு ஆற்றாமையாக இருந்தது.

“நாடு ரெண்டாவக் கூடாதுன்றேன் பாய்,” என்றார் பீர் முஹம்மது. “அதுக்காவ லீக்கு சொல்ற கொறை பொய்யின்னும் சொல்லமாட்டேன். கொறை கீதுதானே.”

“இன்னா பாய், ஒரு கை கதரு, ஒரு கை பச்சைன்னு தச்ச சட்டையாட்டம் பேசறீங்க?” அப்துல் கஃபார் சிரித்தார். “சரி, அத்த அப்பால பேசிக்கலாம். பொண்ணு டீச்சர் பயிற்சிக்குப் போய்க்கினு கீதாமே. அத்த நிறுத்திடணும். எங்க வூட்ல படியெறங்கி வேலைக்குப் போற பொம்பள கெடையாது.”

அமீனா பீ திடுக்கிட்டாள். ஷரஃபுதீன் சொன்னதும் இதுவேதான், வார்த்தை பிசகாமல்.

“இன்னும் நாலு மாசந்தான் பாய்...” என்று இழுத்த பீர் முஹம்மது தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்து அவர் வாயிலிருந்து ‘சரி’ என்று வரப்போகிறது என்பதை அந்தச் செருமலிலேயே அமீனா பீ அறிந்தாள். அஸ்மத்துன்னிசாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றின.

“பாய்,” என்றாள் அமீனா பீ, திரைக்குப் பின்னாலிருந்தே. “போன வாரம் வந்தவரு காங்கிரஸு. அவரும் இத்தயேதான் கேட்டாரு. அப்பால உங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா சண்டைன்னு எனக்கு வெளங்கலீங்க. எம்பொண்ணு பயிற்சிய முடிப்பா. அத்த ஒத்துக்கினு வர்றவங்க வரட்டும்.”

அப்துல் கஃபார் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். திரையின் பக்கம் திரும்பாமல் பீர் முஹம்மதிடம் கேட்டார்:

“உங்க வூட்ல அவங்க எந்தக் கட்சி?”

பீர் முஹம்மது திரையையே பார்த்தார். நிக்காஹ் முடிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“தெரியாதுங்க,” என்றார். “நான் கேட்டதே இல்ல.”